வற்றுதலும் வற்றிப்போதலும்: ஓர் ஆங்கில வினையும் மரக்காணத்து உப்பளமும்

ஒரு மொழியின் சொற்களைத் தனித்தனியே அறிந்திருந்தும், அவற்றுள் இரண்டு கூடி நிற்குமிடத்துப் பொருள் காணாது மயங்குதல் அம்மொழியைக் கற்பார் எவர்க்கும் இயல்பு. ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர்க்கு இம்மயக்கத்தை மிகுதியும் விளைப்பன, 'பிரேசல் வெர்ப்' என அம்மொழி இலக்கணத்தார் வழங்கும் வினைகளாகும். ஒரு வினைச்சொல்லும் அதனை அடுத்து வரும் ஒரு சிறு சொல்லும் இணைந்து ஒரு பொருளைத் தருவது இவ்வினையின் இயல்பு. இதனை ஈண்டுச் சொற்றொடர் வினை எனக் குறிப்போம்.

இவ்வகை வினைகளுள் 'டிரை அப்' என்னும் ஒன்றனை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பொருளையும் நாட்டு வழக்கில் அது பயிலுமாற்றையும், அதற்கு நேராகத் தமிழ் வழங்கும் வினைகளையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். ஆராய்ச்சிக்குரிய களமாக மரக்காணத்து உப்பளக் கரையைக் கொள்கின்றோம். நீர் வற்றுதலே பிழைப்பாக அமைந்த நிலம் அது. பிறர் ஒன்றாகவே கருதி மேற்செல்லும் வற்றுதலையும் காய்தலையும் அந்நிலத்தார் வேறு வேறாகக் காணாதிருத்தல் இயலாது. சொற்களுக்கிடையேயுள்ள நுண்ணிய வேறுபாடு பிழைப்பின் வேறுபாடாகவே அங்கு நிற்கின்றது.

சொற்றொடர் வினையின் இயல்பு

ஆங்கிலத்தில் இவ்வகை வினைகள் அயல்மொழியார்க்கு இடர் தருவன என்பதனைச் சாமுவேல் ஜான்சன் தம் ஆங்கில அகராதியின் முன்னுரையில் 1755 ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். இவற்றுக்கு இன்று வழங்கும் பெயரை நூல்வழிப் பரப்பியவர் லோகன் பியர்சால் சிமித் என்பவர். 1925 ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் இப்பெயரை ஆண்ட அவர், அது ஹென்றி பிராட்லி என்னும் அகராதி ஆசிரியர் தமக்குக் கூறியது எனவும் குறித்துள்ளார். பெயர் பிற்காலத்தது ஆயினும் வழக்குப் பழையது. 1611 ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பிலேயே 'டிரை அப்' என்னும் தொடர் பயின்று வருகின்றது.

'டிரை' என்பது ஈரம் நீங்குதலைக் குறிக்கும் வினை. 'அப்' என்பதற்கு மேல், மேல்நோக்கி என்பன முதற்பொருள். இரண்டனையும் சேர்த்து 'மேலே உலர்தல்' என மாணவர் ஒருவர் எழுதுவாராயின், சொல்லுக்குச் சொல் சரியாக அமைந்தும் பொருள் முற்றும் பிழைபடும். ஈண்டு 'அப்' என்பது திசையைக் குறித்திலது. வினை எச்சமின்றி முற்றுப்பெற்றமையைக் குறிக்கின்றது. 'ஈட் அப்' என்றால் தின்று தீர்த்தல். 'டிரிங்க் அப்' என்றால் மிச்சமின்றிக் குடித்து முடித்தல். 'யூஸ் அப்' என்றால் கையிருப்பைச் செலவிட்டுத் தீர்த்தல். இவை அனைத்தினும் 'அப்' என்பதன் பணி ஒன்றே. ஆதலின் 'டிரை அப்' என்பது வெறும் உலர்தலன்று. உள்ள நீர் முழுதும் நீங்கி இன்மை எய்துதல் என்க.

இடைச்சொல் தனித்து இயங்காது; பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. 'அப்' போன்ற ஆங்கிலச் சிறுசொற்களை நோக்குமிடத்து இக்கொள்கை நமக்குப் பெரிதும் துணை செய்கின்றது. அச்சொல்லின் பொருள் என்ன என வினவுதலினும், அது சார்ந்த வினையை எவ்வாறு மாற்றுகின்றது என வினவுதலே நேரிய முறையாகும்.

தமிழில் இப்பணியைச் செய்வது எது?

முற்றுப்பெறுதல் என்னும் பொருளைத் தமிழ் வேறொரு வாயிலால் உணர்த்துகின்றது. வினையெச்சத்தின் பின் மற்றொரு வினை வந்து, தன் சொந்தப் பொருளை இழந்து, முன்னதற்குத் துணையாக நிற்கும். 'உலர்ந்துவிட்டது', 'வற்றிப்போயிற்று', 'தின்று தீர்த்தான்' என வருவன காண்க. இத்துணைவினைகளைப் பற்றி இக்கால மொழியியலார் விரிவாக ஆராய்ந்துள்ளனர். தமிழ் வினைகள் இவ்வாறு நீண்டு பொருள் வேறுபடுமாற்றை இ. அண்ணாமலை 1985 ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் இத்துறையில் குறிப்பிடத்தக்கது.

'விடு', 'போ' என்னும் இரண்டும் முற்றுப்பெறுதலைக் குறிப்பினும் அவை ஒரே தன்மையன அல்ல. 'துணி உலர்ந்துவிட்டது' என்பார் எதிர்பார்த்த செயல் முடிந்தமை கூறுகின்றார். 'பயிர் காய்ந்துபோயிற்று' என்பார், தம் வயத்தது அன்றி ஒன்று நிலைமாறிப் போனமையைக் கூறுகின்றார். பெரும்பாலும் அதன்கண் இழப்புணர்வும் கலந்திருக்கும். ஆங்கில 'அப்' முடிவை மட்டும் கூறும். அம்முடிவு விரும்பியதா, வெறுத்ததா என்பது சூழலால் உணரப்படுவது. தமிழிலோ அதனைத் துணைவினையே உணர்த்திவிடும். எனவே மொழிபெயர்ப்பாளர் 'டிரை அப்' என்பதனைக் கண்டவுடன் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். உலர்வது யாது என்பது ஒன்று; உலர்ந்தமை பேசுவார்க்கு ஆக்கமா, கேடா என்பது மற்றொன்று.

அமைப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் வினைக்கும் சிறுசொல்லுக்கும் இடையே செயப்படுபொருள் புகுந்து நிற்றல் கூடும். அது சுட்டுப்பெயராயின் இடையில் நின்றே தீரும். தமிழில் எச்சத்தையும் துணைவினையையும் பிரித்து நடுவே ஒரு பெயரை வைத்தல் இயலாது. 'வற்றியே போயிற்று', 'வற்றியும் போயிற்று' என ஏகாரமும் உம்மையும் போன்ற இடைச்சொற்கள் மட்டுமே இடையில் புகும்.

உலர்தற்குரிய தமிழ்ச் சொற்கள்

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். 'டிரை' என ஆங்கிலம் ஒரு சொல்லால் கூறுவதனைத் தமிழ் பல சொற்களாகப் பகுத்து வழங்குகின்றது. ஏரியும் குளமும் கிணறும் வற்றும். நிலமும் தொண்டையும் வறளும். துணியும் கூந்தலும் உலரும். நெல்லும் விறகும் வெயிலில் காயும். பூசிய சாந்து புலரும். அடுப்பில் ஏற்றிய குழம்பு சுண்டும். தரையில் கொட்டிய நீர் சுவறும். இவற்றை ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக மாற்றி வைத்தல் பெரும்பாலும் இயலாது. 'ஏரி உலர்ந்தது' எனினும் 'துணி வற்றியது' எனினும் செவி ஏற்காது.

இச்சொற்களுள் 'வற்று' என்பது நீரின் அளவு குறைந்து செல்லுதலைக் குறிக்கும். அதன் எழுவாய் நீரோ, நீர் நிற்கும் இடமோ ஆகும். 'காய்' என்பது வெம்மையால் ஒரு பொருளின் உள்ளீரம் நீங்குதலைக் குறிக்கும். 'உலர்' என்பது பெரும்பாலும் மேலே பற்றிய ஈரம் நீங்குதலைக் குறிக்கும். ஆங்கிலம் இவ்வேறுபாடுகளைச் சிறுசொற்களின் வாயிலாக ஓரளவு காட்டுகின்றது. நீர்நிலை வற்றுதல் 'டிரை அப்'. நனைந்து ஊறிய பொருள் உள்ளீரம் நீங்கிக் காய்தல் 'டிரை அவுட்'. நீராடியவர் மேனி ஈரம் உலர்தல் 'டிரை ஆஃப்'. அம்மொழி ஒரே வினையை வைத்துச் சிறுசொல்லை மாற்றுகின்றது. நம் மொழி வினையடியையே மாற்றுகின்றது. இவ்வுண்மையை உணர்ந்த மாணவர், மூன்று சொற்றொடர் வினைகளையும் தனித்தனியே மனப்பாடம் செய்யவேண்டிய தேவை குறையும்.

பிறவினையாக்கத்திலும் இவ்வேறுபாடு தொடர்கின்றது. கதிரவன் குளத்தை வற்றச்செய்தான் என்னுமிடத்தும் ஆங்கிலம் 'டிரை அப்' என்னும் அதே வடிவத்தையே ஆளும். தமிழோ உலர், உலர்த்து எனவும், காய், காயவை எனவும் வடிவம் வேறுபடுத்தும். 'காய்ச்சு' என்பதும் காய் என்பதன் வழியதே ஆயினும், அது தீயிட்டுக் கொதிக்கவைத்தலுக்கு உரியதாயிற்று. 1930 ஆம் ஆண்டின் உப்புச் சத்தியாக்கிரகத்தைப் பேசுவோர் 'உப்புக் காய்ச்சுதல்' என்னும் தொடரை ஆளுதல் யாவரும் அறிந்தது. உவர்நீரை அடுப்பேற்றி உப்பெடுத்தலுக்கு அத்தொடர் பொருந்தும். வெயிலை நம்பிப் பாத்தியில் உப்பெடுக்கும் தொழிலில், உப்பு 'விளைகின்றது' என்றே தமிழர் கூறுவர்.

உப்புப் பாத்தி கற்பிப்பது

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. சிறுபாணாற்றுப்படையில் கூறப்படும் எயிற்பட்டினம் இவ்வூரே எனக் கருதும் அறிஞரும் உளர். அந்நூலை இயற்றிய நல்லூர் நத்தத்தனாரின் பெயரோடு வழங்கும் இடைக்கழிநாடு, மரக்காணத்தின் வடக்கே இன்றும் அப்பெயராலேயே விளங்குகின்றது. உமணர் உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாடு சென்று நெல்லுக்கு மாற்றிய செய்தியைச் சங்க நூல்கள் பேசுகின்றன. உப்பும் கழியும் இக்கடற்கரைக்குப் புதியன அல்ல. இன்று 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் இங்கு உப்பளங்கள் உள்ளன.

உப்பு விளையும் முறையைச் சிறிது நோக்குவோம். ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புப்பொருள்கள் கரைந்துள்ளன. அவற்றுள் நாம் உண்ணும் உப்பு ஏறத்தாழ 27 கிராம். எஞ்சியவற்றுள் சுண்ணச் சேர்மங்களும் மக்னீசியச் சேர்மங்களும் அடங்கும். நீரின் செறிவைப் பிரஞ்சு வேதியியலார் அந்துவான் போமே வகுத்த அளவையால் கணக்கிடுவர். அவ்வளவையில் கடல்நீர் ஏறத்தாழ மூன்று பாகையளவில் நிற்கும். பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் நிறுத்த, நீர் சிறிது சிறிதாக வற்றிச் செறிவு மிகும். இடையில் சுண்ணச் சேர்மங்கள் முதலில் படியும். செறிவு 25 பாகையை எட்டும்பொழுது, தொடக்கத்தில் இருந்த நீரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே மிஞ்சியிருக்கும். அந்நிலையில்தான் உண்ணும் உப்புப் படிகமாகத் தொடங்குகின்றது.

இதன் பின்னரும் நீர் வற்றுதல் வேண்டும். ஆனால் முற்றும் வற்றுதல் கூடாது. செறிவு 29 அல்லது 30 பாகையை அணுகும்பொழுது எஞ்சிய நீரை வடித்துவிடுதல் முறை. அந்நீரில் மக்னீசியச் சேர்மங்கள் மிகுந்திருத்தலின் அது கைப்புச் சுவையுடையது. அதனை வடிக்காது விட்டால் அச்சேர்மங்களும் உப்போடு கலந்து படியும். அவ்வுப்புக் கைக்கும், காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக் கசியும், விலையும் குறையும். பாத்தியிலிருந்து வாரிக் குவித்த உப்பின் மேற்பற்றிய நீர் வடிந்து, அதன் பின்னரே அது காய்தல் வேண்டும்.

இனி 'டிரை அப்' என்பதற்கு மீள்வோம். இத்தொழிலின் முதற்பகுதியில் நிகழ்வது வற்றுதல். ஆயினும் 'டிரை அப்' அன்று. ஏனெனின் 'அப்' என்பது எச்சமின்மையைக் குறிக்கும்; பாத்தியிலோ எச்சம் வேண்டப்படுகின்றது. ஆங்கிலத்தில் உப்புத்தொழில் பற்றி எழுதுவோர் இவ்விடத்து ஆவியாதல், செறிதல் என்னும் பொருளுடைய வேறு வினைகளை ஆளுதல் இதனாற் போலும். இறுதிப்பகுதியில் நிகழ்வது உலர்தலும் காய்தலும். அவற்றுக்கு உரியன 'டிரை ஆஃப்', 'டிரை அவுட்' என்பன. இரண்டுக்கும் இடையே பாத்தியில் நிகழாது காக்கவேண்டியது எதுவோ, அதுவே 'டிரை அப்'.

'பாத்தி டிரை அப் ஆக விடாதே' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு எழுதப்பட்டுள்ளது எனக் கொள்வோம். அகராதியில் 'டிரை அப்' என்பதற்கு 'வற்று' என ஒரு சொல்லே தரப்பட்டிருப்பின், அதனை நம்பியவர் 'பாத்தியை வற்றவிடாதே' என மொழிபெயர்ப்பார். அவ்வாறு செய்தால் உப்பே விளையாது. 'வற்றிப்போக விடாதே' என்பதே சரியான மொழிபெயர்ப்பு. நீர் வற்றவேண்டும், வற்றிப்போதல் கூடாது. ஒரு துணைவினை இருத்தலும் இல்லாமையும் ஒரு பாத்தியின் விளைவையே மாற்றவல்லது என்பது இதனால் விளங்கும். துணைவினைகளைப் பேச்சு வழக்கின் மிகைச்சொற்கள் எனக் கருதி எழுத்தில் நீக்க விரும்புவார் இதனை எண்ணிப்பார்த்தல் நலம்.

ஈண்டு மற்றொரு நுட்பமும் நோக்கற்பாலது. 'வற்றவிட்டான்' என்பதில் 'விடு' இசைவளித்தலை உணர்த்தும். 'வற்றிவிட்டது' என்பதில் அதே சொல் முடிவை உணர்த்தும். முன்னது 'வற்ற' என்னும் எச்சத்தையும், பின்னது 'வற்றி' என்னும் எச்சத்தையும் தழுவியது. ஓர் உயிரெழுத்தின் வேறுபாடே இருவேறு பொருள்களையும் பிரித்து நிறுத்துகின்றது. 'வற்றிவருகிறது' என்பதோ சிறிது சிறிதாக நிகழும் குறைவைக் காட்டும். வெயில் நாளில் பாத்தி நீரின் போக்கை இத்தொடர் பொருத்தமுறக் கூறும்.

மரக்காணத்தை அடுத்துள்ள கழுவெளி, 'டிரை அப்' என்பதற்கு நேரான எடுத்துக்காட்டைத் தருகின்றது. 2021 ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அவ்வேரியில் மாரிக்குப்பின் நீர் பரந்து நிற்கும், கோடையில் சுருங்கும். கடுங்கோடையில் அதன் ஒரு பகுதி நீரற்றுக் கிடக்குமாயின், அதனை 'வற்றிப்போயிற்று' என்போம். ஆங்கிலத்திலும் 'டிரை அப்' என்பதே அதற்குப் பொருந்தும். ஒரே கோடை, ஒரே வெயில். ஏரியில் அது கேடு, பாத்தியில் அது முதல்.

நாட்டு வழக்கில் பயிலும் பிற பொருள்கள்

'டிரை அப்' நீர்நிலையளவில் நின்றுவிடவில்லை. இங்கிலாந்தில் உண்கலங்களைக் கழுவிய பின் துணியால் துடைத்து ஈரம் போக்குதலையும் அது குறிக்கும். தமிழில் இதனை 'துடைத்துவை' என்போம்; பின்னர் எடுத்தாளும் பொருட்டுச் செய்து வைத்தலை 'வை' என்னும் துணைவினை உணர்த்துகின்றது. மேடையில் நடிகர் உரை மறந்து நின்றுவிடுதலும் 'டிரை அப்' எனப்படும். அதனை 'வாயடைத்துப்போதல்' எனலாம். ஏவலாக வருமிடத்து 'பேச்சை நிறுத்து' என்னும் கடுஞ்சொல்லாகவும் அது நிற்கும். பெரியோரிடத்து வழங்குதற்கு உரியதன்று. பணமும் பண்டமும் வேலையும் வருவாயும் வரத்து நின்றுபோதல் இதன் மிகப் பரந்த உருவகப் பொருளாகும்.

இவ்வுருவகம் கிணற்றையும் ஊற்றையும் நம்பி வாழ்வோர் உள்ளத்தில் தோன்றியது. நீர் இருப்பது செல்வம். அது வற்றுதல் வறுமை. உழவர் நிறைந்த நம் நாட்டிலும் 'கை வறண்டது' என்னும் வழக்கு அதே அடிப்படையில் எழுந்தது. ஆயின் மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் நிலையில் நின்று இதனை நோக்கின் உருவகம் தலைகீழாகின்றது. அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும்பொழுது பாத்திகளில் மழைநீர் நிறைந்துவிடும், உப்பு விளையாது, வேலை நின்றுவிடும். பாத்தி நிறைந்த காலமே அவர்தம் வருவாய் 'டிரை அப்' ஆகும் காலம். பாத்தி நீர் வற்றிவரும் காலமே கூலி கிடைக்கும் காலம்.

ஆதலின் இத்தொழிலாளர் வாழ்வைப் பற்றிய ஆங்கில அறிக்கை ஒன்றில், மழைக்காலத்தில் அவர் வருவாய் 'டிரை அப்' ஆகின்றது என வருமிடத்து, 'வருவாய் வற்றிப்போகின்றது' என எழுதுதல் இலக்கணத்தால் வழுவன்று. ஆயினும் அந்நிலத்துக்கு ஒவ்வாதது. நீர் நிறைந்த பாத்தியின் கரையில் நிற்பவர்க்கு அது பொருந்தா உவமையாகவே தோன்றும். 'வேலை நின்றுபோகின்றது; வரும்படியும் நின்றுபோகின்றது' என எழுதின் பொருள் குறையாது; 'போ' என்னும் துணைவினையால் இழப்பும் புலப்படும். உருவகத்தை நீக்கியும் உணர்வை நிறுத்திக்கொள்ள இத்துணைவினை நமக்கு வாய்த்த கருவியாகும்.

அகராதிக்கும் வகுப்புக்கும்

இவ்வாராய்ச்சியால் நாம் பெறும் முடிவுகள் சில. சொற்றொடர் வினைக்கு நேர்ச்சொல் ஒன்று தருவதோடு இருமொழி அகராதி அமையாது, அவ்வினைக்குரிய எழுவாய் எவ்வகையது என்பதனையும் உடன் குறித்தல் வேண்டும். 'டிரை அப்' என்பதற்கு நீர்நிலையாயின் வற்றிப்போதல், நிலமாயின் வறண்டுபோதல், பயிராயின் காய்ந்துபோதல், கலமாயின் துடைத்துவைத்தல், வரவாயின் நின்றுபோதல் எனப் பகுத்துரைத்தல் பயன் தரும். வினையடியை மட்டும் தராது துணைவினையோடு சேர்த்தே தருதல் அதனினும் இன்றியமையாதது. கணிப்பொறி வாயிலாக மொழிபெயர்த்தல் பெருகிவரும் இந்நாளில் இத்தேவை மிகுந்ததேயன்றிக் குறைந்திலது.

வகுப்பறையில் ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. உப்பளக் கரையில் வளரும் மாணவர் வற்றுதல், வடித்தல், உலர்தல், காய்தல் என்னும் வேறுபாடுகளைப் பள்ளிக்கு வருமுன்னரே அறிந்தவர். அவ்வறிவு நூலறிவு அன்று எனத் தள்ளிவிட்டு, ஆங்கிலச் சொற்றொடர் வினைகளை ஒரு பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச்சொல்லுதல் பொருந்தாது. 'உன் ஊரில் நீர் வற்றுவது எப்போது, உப்புக் காய்வது எப்போது' என வினவித் தொடங்கினால், 'அப்', 'அவுட்', 'ஆஃப்' என்பவற்றின் வேறுபாடு தானே விளங்கும். பெற்றோர் தொழிலில் பயிலும் சொற்களே அயல்மொழி அறிவுக்கு வாயிலாக அமையும்பொழுது, அம்மாணவர் தம் ஊர்ச்சொற்களைத் தாழ்ந்தன எனக் கருதார்.

இங்குக் கண்ட வேறுபாடுகளை உணர்த்தும் சொற்கள் தமிழில் முன்னரே உள்ளன. புதியன ஆக்கவேண்டிய தேவை எழவில்லை. நீர், நிலம், பயிர், உப்பு ஆகியவற்றோடு நாளும் பழகுவோர் அவற்றை வழுவின்றி வழங்குகின்றனர். அவ்வழக்குகளைத் தொழில்தோறும் கேட்டுத் தொகுத்து அகராதிகளில் ஏற்றுதல் தமிழ்த் துறைகள் மேற்கொள்ளத்தக்க பணி. கடற்கரையின் பிற உப்பளங்களாகிய வேதாரணியத்திலும் தூத்துக்குடியிலும் இவ்வினைகள் எவ்வாறு பயில்கின்றன என்பதனையும் உடன்வைத்து ஆராயின், இங்குக் கூறியன மேலும் தெளிவுறும்.